பெட்டியில் மடித்த வெள்ளைச் சேலை

நவம்பர் 12, புதன்

இன்று வெயில் அடித்தது. பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடியில் போட்டேன். ஒரு தடவைகூட உடுத்தாத சேலை. கர்த்தர் வருகிற நாளில் உடுத்த வேண்டும் என்று ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை காற்றாட விட்டு, வேப்பிலை மாற்றி மடித்து வைப்பேன். பேத்தி செம்மொழி போன தடவை வந்தபோது, "அவரு வர்றப்ப சேலை மாத்த டைம் குடுப்பாராக்கும் ஒனக்கு?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் பாதி எழுதிப் போட்டுப் போன நோட்டில்தான் இதை எழுதுகிறேன். மூணாவதோடு நின்றவள் நான். பிழை இருக்கும். மறதி இருக்காது.

சேலையை மடிக்கும்போது எல்லையம்மாள் இருமிக்கொண்டே வயல் பக்கம் போனாள். என் கொழுந்தன் பெண்டாட்டி, என்னைப் போலவே தாலி அறுத்தவள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் என்று எனக்கு நானே இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். என் பயிர் பால் பிடிக்கிற நேரம். அன்றைக்குத் தண்ணீர் முறை எங்களுடையது. விடியுமுன் மேல்மடையை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியது அவள்தான். கேட்டதற்கு, "நான் ஏன்க்கா அடைக்கப் போறேன்?" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பயிர் பதராகப் போயிற்று. என் வீட்டுக்காரர் சாமிதுரை திருப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். தை மாதம் பஸ்ஸில் போனவர் மாசியில் துணி சுற்றி வேனில் வந்தார். சாரம் சரிந்துவிட்டதாம். சாரமா சரிந்தது?

நவம்பர் 21, வெள்ளி

மூன்று நாளாக மழை. அனுசுயா வந்தாள், எல்லையம்மாள் மருமகள். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"பெரியத்தை, உங்க பாகத்து வடிகால்ல காட்டாமணக்கு மண்டிக் கெடக்கு. எங்க வயல் தண்ணி போவ வழியில்ல. நாங்களே ஆள வுட்டு வெட்டிக்கிறோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் சொன்னது சரிதான். மேலே இருக்கிற அவர்கள் வயலில் தேங்கும் மழைத் தண்ணீர், என் வரப்போரம் போகிற வடிகாலில் இறங்கித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் அவரவர் பாகத்தை அவரவர் வெட்டிவிடுவது ஊர் வழக்கம். என் பாகத்தை நான் இந்த வருஷம் வெட்டவில்லை. என் வயல் தண்ணீர் வடிய வேறு வாய் இருக்கிறது.

"உங்க வீட்டு ஆளு காலு எங் கரையில படக்கூடாது. போய் ஒம் மாமியாகிட்ட சொல்லு," என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கர்த்தர் வருகைக்கு ஆயத்தப்படுகிற நாட்கள் தொடங்கிவிட்டன என்று போதகர் ஐயா பிரசங்கித்தார். விருந்தாளி எந்த நேரம் வருவார் என்று தெரியாத வீட்டில் அடுப்பு அணையவே கூடாதாம். கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "ரெங்கம்மா, இன்னைக்கே வந்துட்டாருன்னா?" என்றார். "சேலைகூட மடிச்சு வச்சிருக்கேங்கய்யா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இரண்டு பெஞ்சு தள்ளி எல்லையம்மாள் உட்கார்ந்திருந்தாளே, அவளைக் கேட்க வேண்டியதுதானே.

டிசம்பர் 2, செவ்வாய்

பேய் மழை. அவர்கள் வயலில் பயிரின் நுனி மட்டும்தான் தெரிகிறது. என் வயலில் பயிர் நிமிர்ந்து நிற்கிறது. சந்தோஷப்பட்டேன். பொய் எழுதக் கூடாது, சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வடிகாலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் எல்லையம்மாள் நிற்கிறாள். கையில் அரிவாள். எட்டின மட்டும் காட்டாமணக்கை அறுத்து இழுக்கிறாள். என் கரையில் ஏறி நின்றால் பத்து வெட்டில் முடிகிற வேலை. கால் வைக்கவில்லை. நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் பார்த்தாள்.

அரிசியைப் புடைத்து முடித்தேன்.

டிசம்பர் 6, சனி

காலையில் அனுசுயா. "அத்தைக்கு நேத்துலேர்ந்து குளிர் காய்ச்சல், பெரியத்தை. உங்கள வரச் சொல்றாங்க. ஒண்ணு சொல்லணுமாம்."

"ஒங்கிட்ட சொல்லி அனுப்ப வேண்டியதுதான?"

"அக்காகிட்டதான் சொல்லுவேங்குறாங்க."

"காய்ச்சலுக்கு நான் என்ன டாக்டரா? ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

சாயந்திரம் நாளைய திருவிருந்துக்குப் பேர் கொடுக்கப் போனேன். மனஸ்தாபத்தோடு திருவிருந்து எடுக்கக் கூடாது. எழுதுமுன் போதகர் ஐயா எல்லாரிடமும் கேட்பதுதான்: யாரோடும் மனஸ்தாபம் இல்லையே? "எம் பக்கத்துல ஒண்ணுமில்லீங்கய்யா" என்றேன். எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

முழங்காலில் நின்று பாத்திரத்தில் குடித்தேன். திராட்சரசம் எப்போதும் போல இனிப்பாகத்தான் இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

திரும்பவும் அனுசுயா. ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லையாம், பெரிய ஆசுபத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாளாம். "வாசல வாசலப் பாக்குறாங்க. அக்கா வந்துச்சாங்குறாங்க."

இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். கெஞ்சட்டும் என்றுதான் இருந்தது. "மழை வுடட்டும். வெள்ளிக்கெழம வர்றேன்னு சொல்லு" என்றேன்.

அனுசுயா குடையை விரித்தாள். படியிறங்கும்போது, "நீங்க சொன்னீங்கன்னுதான் தண்ணிக்குள்ளயே நின்னு வெட்டுனாங்க" என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

விடியற்காலம் எல்லையம்மாள் போய்விட்டாள். இன்றைக்கு வியாழக்கிழமை.

டிசம்பர் 12, வெள்ளி

சொன்னபடி வெள்ளிக்கிழமை போனேன்.

வீடெல்லாம் ஒழுகுகிறது. பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்திகூட என் கையைப் பிடித்து அழவில்லை. அனுசுயா அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நேத்து மூச்சு வாங்குறப்ப எங்கிட்டயே சொல்லிட்டாங்க, பெரியத்தை. இனிமே அக்கா வராது, நீ சொல்லிடுன்னாங்க. அந்த வருஷம் மடைய அடைச்சது அவுங்கதானாம். பயிர் காயுதேன்னு ஒருநா மட்டும் அடைச்சேன், இப்புடி ஆவும்னு நெனைக்கலன்னாங்க. ஆண்டவர் மொகத்துல முழிக்கிறதுக்கு மின்ன அக்கா மொகத்துல முழிக்கணும்னாங்க."

அப்படியானால் நான் நினைத்தது சரி. இருபத்திரண்டு வருஷமும் நான்தான் சரி. இந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் மழைக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேலை மடித்து வைத்தவள் நான், ஆயத்தமானவள் அவள். ஐயோ, எல்லை. ஒரு நாள் பொறுக்கக் கூடாதாடி?

குளிப்பாட்டிவிட்டு உடுத்த வெள்ளைச் சேலை தேடினார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். பூம்புகார்ப் பக்கம் ரோடெல்லாம் வெள்ளம், யாரும் வந்து சேரவில்லை. இருந்த துணியெல்லாம் ஈரம். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனேன். வேப்பிலையை உதறி நானே உடுத்திவிட்டேன். காலைத் தொட்டேன். வடிகாலில் ஊறின கால், குளிப்பாட்டியும் நகக்கண்ணில் சேறு போகவில்லை.

மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. சாமிதுரை திரும்பி வரவா போகிறார்? கோபம் அப்படியேதான் இருக்கிறது. யார் மேல் என்பதுதான் முன்னைப் போல் தெளிவாக இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

அரிவாளை எடுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கினேன். பத்து வெட்டு என்று எழுதியிருந்தேன். எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பாதியில் அனுசுயா வந்தாள். ஒன்றும் கேட்காமல் என் கரையில் ஏறி நின்று மறுபக்கம் இழுத்தாள். தண்ணீர் குபுகுபுவென்று போயிற்று.

சாயந்திரத்துக்குள் அவர்கள் வயல் தெரிந்தது. பயிர் அத்தனையும் அழுகிக் கிடக்கிறது.

டிசம்பர் 20, சனி

கிறிஸ்துமஸ் திருவிருந்துக்குப் பேர் கொடுக்கிற நாள். நான் போகவில்லை. இருட்டுவதற்கு முன்னால் போதகர் ஐயாவே நோட்டோடு வந்துவிட்டார். "என்ன ரெங்கம்மா, மொத ஆளா வருவீங்க. பேர எழுதிக்கவா?" என்று பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்கய்யா," என்றேன். "நான் ஆயத்தமா இல்ல."