நனைந்த பெட்ஷீட்

மாணவியர் விடுதி,
கொடைக்கானல்.
14.7.1978

அன்புள்ள அம்மாவுக்கு, ஐந்தாம் வகுப்பு லீமா முத்தங்களோடு எழுதுவது. உங்கள் முட்டுவலி தேவலையா? வத்தலக்குண்டில் வெயில் எப்படி? எனக்குச் சளிகூட இல்லை.

பயப்படாமல் படியுங்கள். என் பக்கத்துக் கட்டில் அமிர்தவல்லி சிலோனிலிருந்து வந்தவள். தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். வார்டனம்மா அவளை அந்த ஈரப் பெட்ஷீட்டோடு சாப்பாட்டு அறை வாசலில் நிற்க வைக்கிறார்கள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நேற்று வெள்ளனே எழுந்து, என் படுக்கையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். என் பெட்ஷீட்டை எடுத்துப்போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஏ புள்ள, நீயுமா?" என்றார்கள் வார்டனம்மா.

"ஆமாங்க, நானுந்தான்" என்றேன். அமிர்தவல்லியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இனி அவள் நிற்கும் நாளெல்லாம் நானும் நிற்பேன்.

இன்னொரு பெட்ஷீட் வேண்டும். இந்த மூடுபனியில் எதுவும் காய்வதில்லை. உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ளத்தான், அழுவதற்கில்லை.

காய்கறி வண்டி ஹாரன் அடிக்கிறது. இதை வண்டிக்கார நல்லையா மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது வார்டனம்மா என்னைப் பற்றிச் சொல்வார்கள். "எம்மக அப்படியில்லங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. அவள் மறுபடி தனியாக நிற்பாள்.

உங்கள் லீமா