பொய்க்கு ஒரு வேளைப் பட்டினி

14-7-2003, திங்கள்
விடாத மழை. துணி எதுவும் காயவில்லை.
மகளுக்கு ஏன் முடியை ஒட்ட வெட்டினாய் என்று பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா கேட்டாள். பேன் என்றேன். பொய். நாளைக் காலை டிபன் கிடையாது. பொய்க்கு ஒரு வேளைப் பட்டினி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வழக்கம். இந்த மாதம் இது நாலாவது. நான் இளைத்தால் கவிதாதான் காரணம்.
இருபத்திரண்டு வயது. தான் பெண் இல்லையாம், ஆணாம். பேர் கவினாம். மூன்று வாரமாக இதே பேச்சு. அவள் அப்பா இருந்திருந்தால்... வேண்டாம். பயமாக இருக்கிறது. வெளியே எவனாவது அடித்துப் போட்டால்?

15, செவ்வாய்
பட்டினி. தலைவலி.
நாளை சிஞ்ச்வட், அண்ணன் வீடு. வாங்க: தேங்காய், கால்வலி மாத்திரை.
லோக்கல் ரயிலில் கவிதா ஜெனரல் பெட்டியில் வருகிறாளாம். அந்த ஆம்பிளைக் கூட்டத்திலா? பெண்கள் பெட்டிதான் பாதுகாப்பு என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.
"அங்கதான் எனக்கு டர்ம்மா."
பயத்தைக்கூட இந்தியில்தான் சொல்லத் தெரிகிறது.

16, புதன்
எழுத்து கோணல்.
சிவாஜி நகர் தாண்டியதும் பெண்கள் பெட்டியில் ஒருத்தி கத்தினாள், ஆம்பிளை ஏறிவிட்டான் என்று. நாலைந்து பேர் பிள்ளையைப் பிடித்து இழுத்து அடித்தார்கள். சட்டைப் பொத்தான் போச்சு. கட்கியில் ரயில் நின்றதும் போலீஸ்காரர் காலரைப் பிடித்து இறக்கினார். பேர் கேட்டார். பிள்ளை வாயே திறக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நட என்றார். அங்கே என்ன செய்வார்கள்? நானே இழுத்து ஏற்றிய பெட்டி.
பெண் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை என்னைப் பார்த்தது. அடிபட்டபோதுகூட அப்படிப் பயந்து பார்க்கவில்லை.
என் மகன் சாப், பேர் கவின், எனக்குக் கால்வலி, துணைக்கு வந்தான் என்றேன் இந்தியில்.
திட்டி அனுப்பிவிட்டார். திரும்பும்போது ஜெனரல் பெட்டி.

17, வியாழன்
மழை இல்லை. பொத்தான் தைத்தேன். வாசலில் வண்டி நின்றாலே போலீஸோ என்று ஜன்னலுக்கு ஓடுகிறேன்.
தோசை. தேங்காய் வாங்க மறந்ததால் பொடிதான். எனக்கும் இரண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கவின் என் தட்டையே பார்த்தான்.
"போலீஸ்கிட்ட சொன்னியே. இன்னிக்குப் பட்டினி இல்லியாம்மா?"
"எதுக்குக் கண்ணு? கால்வலி நெசந்தான?"