எஞ்சினுக்கு மட்டும் ஓய்வு

கோத்தா திங்கி, 1936
சேசு மரி சூசை துணை

அன்புள்ள செசிலியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் மூட்டுவலி எப்படியிருக்கிறது?

தோட்டத்துத் துரை சொந்தமாக விமானம் வைத்திருப்பதை எழுதியிருந்தேன் அல்லவா? அதை ஓட்டும் ஹாரிசன் நம் மகன் செபஸ்தியன் வயதுப் பிள்ளை. விடிந்ததிலிருந்து விருந்தாளிகளைச் சிங்கப்பூருக்கும் இங்குமாக ஏற்றி இறக்கியவன், மத்தியானம் நின்றபடியே கண்ணயர்ந்தான்.

துரையும் பார்த்தார். "எஞ்சின் சூடாயிருக்கு, ஆறட்டும். அப்புறம் பெட்ரோல் ஊத்து, மறுபடி போகணும்" என்றார்.

"ஹாரிசனுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க, துரை" என்றேன்.

"என் விமானம், என் ஆள். நீ கணக்கை மட்டும் எழுது, கிழட்டுக் கிராணி!"

உடம்பெல்லாம் எரிந்தது. இரும்புக்கு இரங்குகிறவருக்கு மனிதன் கண்ணில் படவில்லையா? பெட்ரோல் கொட்டகையைப் பூட்டிவிட்டேன். சாவி கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். "காணோம், துரை" என்றுதான் வாயில் வந்தது. கோழை நான். சாவி மடியில் இருந்தது.

அவர் நம்பவில்லை. விருந்தாளிகளைக் காரில் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் என்னை வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறச் சொல்லிவிட்டார். செய்தது சரிதானா, தெரியவில்லை. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

நான் கேட்ட நார்த்தங்காய் ஊறுகாயை அனுப்பாதே. அங்கேயே வந்து சாப்பிடுகிறேன். தபால் லாரி வருகிறது. ஹாரிசன் கொட்டகை நிழலில் இன்னும் தூங்குகிறான். ஹாரன் அடிக்கவேண்டாமென்று டிரைவரிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்.

உன்
சவரிமுத்து