வண்டிக் காலுக்கு வைத்த பொட்டு

திருத்தணி,
1947 ஐப்பசி

சிரஞ்சீவி வேதாசலத்துக்கு அம்மா ஆசீர்வாதம். மலைமேல் இருக்கிறவன் தயவில் இங்கே எல்லாரும் சுகம், ஈப்போவில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகம் என்று நீ எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் மோட்டார் சைக்கிளை மணவூர் பாலசுப்பிரமணியனுக்கு விற்கச் சொல்லியிருந்தாய். அவர் வந்து பார்த்து, முன் சக்கரத்துக் கால் இரண்டையும் மூடுகிற தகர உறை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, அதை மாற்றினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். உன் தம்பி கஜபதி பட்டணத்தில் மூர் மார்க்கெட்டெல்லாம் அலைந்து பட்டாள வண்டியில் கழற்றின உறை ஒரு ஜோடி கொண்டுவந்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கொல்லையில் வண்டிக்கு மரப்பெட்டியை முட்டுக் கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றினான். நானும் மணை போட்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய உறையை உருவினால் உள்ளே என் முழங்கை நீளத்துக்குச் சுருள் கம்பி, அதற்குள்ளே கண்ணாடிபோல ஒரு தடி, எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. அழுத்தினால் இறங்குகிறது, விட்டால் தானாக ஏறுகிறது, சரி, எண்ணெய் எதற்கு? கஜபதிக்குத் தெரியவில்லை, நீ எழுது. பின் சக்கரத்துக்கும் உண்டா என்று குனிந்து பார்த்தேன், இல்லை. முன்னால் இருக்கிற உனக்கு மெத்தை, பின்னால் உட்கார்ந்த எனக்கு இடுப்பு ஒடியணும், எந்த ஊர் நியாயம் இது?

அவனுக்குச் சோறு போட நான் உள்ளே போன நேரம் உன் பெரியம்மா, என் ஓரகத்தி கௌரியம்மாள் வந்து, பூஜை சமயத்தில் வண்டி வெறுமனே நிற்கக் கூடாது என்று அந்தத் தடியெல்லாம் விபூதியைப் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உன் கல்யாணத்தில் என்னைத் தாண்டித் தாம்பூலத் தட்டைத் தன் தங்கைக்கு நீட்டினவள்தானே, நான் மறக்கவில்லை. வைத்த பொட்டை யார் துடைப்பார்கள், கஜபதி அதன்மேலேயே புது உறையை மாட்டிவிட்டான். பூஜை கழிந்து பாலசுப்பிரமணியன் வந்து கைப்பிடியை அமுக்கினார், அம்மியில் மணல் அரைக்கிறாற்போல் கரகரவென்றது. பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று சிரித்துவிட்டுப் போனார்.

கஜபதியை மறுபடியும் பிரிக்கச் சொன்னேன். பொட்டைத் துடைக்க அவனுக்குக் கை வரவில்லை, முருகன் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும் என்று நானே மண்ணெண்ணெய்த் துணியால் விபூதியோடு வழித்தெடுத்தேன். புது எண்ணெய் விட்டு மாட்டினதும் சத்தமே இல்லை.

சேதி கேட்டு அவர் திரும்ப வந்து நந்தியாறு வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். வளைவில் அவர் முதுகு மறைந்தபோதுதான் எனக்கு உறைத்தது, இதையும் விற்றுவிட்டால் நீ திரும்பி வர இந்த ஊரில் உன்னுடையது என்று என்ன இருக்கிறது? வந்து இறங்கியதும், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுக்க முடியாது என்றேன்.

“வண்டியக் காமிச்சிப் புள்ளைய வரவழைக்கப் பாக்கறீங்களாம்மா?” என்றார்.

“ஆங், அப்படித்தான். அவன் வந்து அவன் கையால குடுக்கட்டும், அதுவரைக்கும் இங்கதான் நின்னுகினு இருக்கும்” என்றேன்.

அதனால் விற்கச் சொல்லி இன்னொரு கடிதம் போடாதே நைனா. எந்த மாதம் கப்பல் ஏறுகிறாய் என்று மட்டும் எழுது. அந்த ஊர் மழையில் தலை நனையாதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள்.

உன் அம்மா
எல்லம்மாள்