மீசை அத்தை

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆய்வகம் அனுப்பிய படிவத்தில், உன்னைக் கருவுற்றிருந்தபோது ஹார்மோன் மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று எழுதினேன். அது பொய். நான் படித்த கான்வென்டில் அடித்துத் திருத்திய தாளை ஏற்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் புதுப் படிவமே நிரப்பி இணைத்திருக்கிறேன்.

உனக்கு முன் இரண்டு முறை கரு கலைந்தது. நீயாவது தங்க வேண்டும் என்று மருத்துவர் பன்னிரண்டு வாரம் ஹார்மோன் ஊசி போட்டார். பெண்ணாகப் பிறந்தால் ஆண் தன்மை சற்றுத் தெரியலாம் என்றும் சொன்னார்.

பதினாறு வயதில், தாடையில் முளைத்த முடியைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?" என்று அழுதாய்.

"எல்லாம் உங்க அப்பா வீட்டு வாகு" என்றேன்.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "ஆமாண்டா கண்ணு, எங்க அத்தைக்கு என்னைவிட நல்ல மீசை" என்றார். நீ சிரித்துவிட்டாய். ஒவ்வொரு ஊசிக்கும் என்னை அழைத்துப்போனவர் அவர்.

உன் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கும் தைராய்டுக்கும் அந்த ஊசிதான் காரணமா என்பதை உன் ஆராய்ச்சி சொல்லட்டும். ஊசிக்காக நான் வருந்தவில்லை, நீ கிடைத்தாய்.

ஆனால் உன் மருத்துவக் கோப்பில், குடும்ப வரலாறு என்ற இடத்தில், அந்த அத்தையை எழுதிவைத்திருக்கிறாயே, அதை நீக்கிவிடு. உன் அப்பாவுக்கு அத்தையே கிடையாது.

உன் அம்மா