கத்தி படாமல் என்று ஜெபிக்காதீர்கள்

கூடுவாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் ஜெனிஃபருக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே லீட்ஸில் நீயும் ஸ்டான்லி மாப்பிள்ளையும் என் பேரன் இனியனும் இன்னும் முகம் காட்டாத அந்தச் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் கேட்டுக்கொண்ட பிறகுதான் அடுப்பையே பற்ற வைக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு குறுக்கே குறுக்கே பேசுகிறார், அவர் நிறுத்தினால் எனக்கு அழுகை வருகிறது, எனக்கு அழுகை நின்றால் இனியன் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறான். பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் இனியனுக்கு இரண்டு பனியனும் கூரியரில் போடுகிறேன், அதோடு இதையும் வைத்துவிடுகிறேன், நீ தனியாக உட்கார்ந்து படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜி.எஸ்.டி ரோட்டில் தண்ணீர் நின்று பஸ்ஸெல்லாம் படகு மாதிரி வருகிறது. பொத்தேரி கடைக்கு நான் ரயிலில்தான் போய் வருகிறேன், மழை என்றால் ஹாஸ்டல் பிள்ளைகள் இட்லியைத் தொடுவதில்லை, எல்லாருக்கும் பஜ்ஜி வேண்டும். அப்பா மாமல்லபுரம் ஹோட்டல் வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறார், மழையில் ஆள் வருவதில்லை என்று வண்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் அக்கா உனக்காகப் பஞ்சாங்கம் பார்த்து ஒரு நல்ல நாளும் நேரமும் சொல்லியிருக்கிறார், அந்த நேரத்தில் ஆப்பரேஷன் வைத்துக்கொண்டால் பிள்ளை கலெக்டர் ஆகுமாம். நமக்கு அந்த வழக்கம் இல்லையக்கா என்றேன், கலெக்டர் வேண்டாமா என்று கோபித்துக்கொண்டார். என் விசா இன்னும் வரவில்லை. வந்த மறுநாள் கிளம்பிவிடுவேன், கடையை உன் சித்தி பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில், முதல் பிள்ளை ஆப்பரேஷன் ஆனாலும் இரண்டாவதை நார்மலாகப் பெற்றுப் பார்க்கலாம் என்று அங்குள்ள டாக்டரும் பிரசவம் பார்க்கிற மிட்வைஃபும் சொல்கிறார்கள், வேண்டுமென்றால் மறுபடியும் ஆப்பரேஷனும் செய்துகொள்ளலாமாம், முடிவு உன்னுடையதாம், "நீயே சொல்லுமா, நீ இன்னா சொல்றியோ அதையே செய்றேன்" என்றாய். பால் பொங்குகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று நான் வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை கண்ணு. பயந்துபோய்த்தான் வைத்தேன். தைத்த துணி தைத்த இடத்தில்தானே முதலில் பிரியும், வலி எடுத்து முக்கும்போது உள்ளே அந்தத் தழும்பு விட்டுக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் நாள் முழுக்க நினைப்பு. இருநூறு பேரில் ஒருத்திக்குத்தான் அப்படி ஆகுமாம் என்று நீ ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். நம் சபையில் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களே ஏறக்குறைய இருநூறு பேர்தான். போன ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தலையாகத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை பேரில் ஒருத்திதானே என்று மனசைத் தேற்றலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் எந்தத் தலையைப் பார்த்தாலும் உன் தலையாகவே தெரிந்தது.

நான் இப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் உன் அப்பா செய்த காரியம் காதில் விழுந்தது. நீ நார்மலுக்கு யோசிக்கிறாய் என்று கேட்ட சந்தோஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறார். பாஸ்டர் ஐயா கையை உயர்த்தி, நம் ஏசுதாஸ் அண்ணன் மகள் ஜெனிஃபருக்கு இந்த முறை கத்தி படாமல் சுகப்பிரசவம் ஆகும்படி எல்லாரும் ஊக்கமாக ஜெபிப்போம் என்றார். மொத்த சபையும் ஆமென் என்றது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா தப்பு செல்லம்மா, பொண்ணு சுகமா பெத்துக்கணும்னு கேக்கறது ஒரு குத்தமா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. இனியன் வயிற்றில் இருக்கும்போதும் இதே ஜெபம்தான். அவன் காலைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், திரும்பவில்லை, செங்கல்பட்டில் ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். மறுநாள் பெண்கள் சங்கத்தில் இருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "ஐயோ, ஆப்ரேசனா? அவ்ளோ ஜெபம் பண்ணமே" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு நீ தையல் வலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நான்தான் ஒழுங்காக ஜெபம் பண்ணவில்லையாம்மா என்று கேட்டாயே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அதற்கப்புறம் பால் கட்டிக்கொண்டு, தூக்கமில்லாமல், காரணம் சொல்லாமல் எத்தனை நாள் அழுதாய்.

அதனால் இன்றைக்குச் சபையில் சாட்சி சொல்கிற நேரத்தில் நான் எழுந்து நின்றேன். நான் எழுந்தால் கடைக்காகத்தான் ஜெபிக்கச் சொல்வேன் என்று எல்லாருக்கும் நினைப்பு. "பாஸ்டர் ஐயா, கத்தி படாமன்னு ஜெபம் பண்ணாதீங்க. எம் பொண்ணு நல்லபடியா எழுந்து வரணும், புள்ள நல்லா இருக்கணும், அவ்ளோதான் கேளுங்க. எப்டி எடுக்கணும்னு டாக்டருக்குத் தெரியும்" என்றேன். உன் அப்பா பைபிளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பாஸ்டர் ஐயா திட்டப் போகிறார் என்று நினைத்தேன், சரிம்மா, அப்படியே கேட்போம் என்று சொல்லிவிட்டு நான் சொன்ன மாதிரியே ஜெபித்தார். வெளியே செருப்பு போடும்போது பாட்டுக் குழுவில் பாடுகிற சிநேகா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டும் ஆப்பரேஷன், ஒவ்வொரு தடவை இந்த ஜெபம் நடக்கும்போதும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன் ஆன்ட்டி என்றாள். எனக்கு அந்தப் பிள்ளை குனிந்தது இத்தனை நாள் தெரியவே இல்லை.

இனி நீ கேட்டதற்குப் பதில். நேற்று முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போகிற சாக்கில் செங்கல்பட்டு டாக்டரம்மாவிடமே கேட்டேன், உனக்கு ஆப்பரேஷன் செய்தவர்தான். அவர் நிதானமாகச் சொன்னார். முதல் தடவை பிள்ளை உட்கார்ந்த விதத்தால் கத்தி வைக்க வேண்டி வந்ததே தவிர உன் உடம்பில் ஒரு குறையும் இல்லையாம், கர்ப்பப்பையில் கீழ்ப்பக்கமாகக் குறுக்கேதான் வெட்டியிருக்கிறாராம், நீ போனில் சொன்னபடி இப்போது தலை கீழே இருக்கிறது, இரண்டு பிள்ளைக்கும் நடுவில் போதிய இடைவெளியும் இருக்கிறது, அதனால் முயற்சி செய்வதில் தப்பில்லை, ஆனால் பிள்ளையின் துடிப்பை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிற, அவசரத்துக்கு ஆப்பரேஷன் தியேட்டர் தயாராக இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டுமாம். ஆப்பரேஷனே போதும் என்று நீ நினைத்தால் அதுவும் சரிதானாம். நீ ஏன் நார்மல் கேட்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன், நீயே உன்னைக் கேட்டுக்கொள். சீக்கிரம் எழுந்து இனியனைத் தூக்க வேண்டும் என்றால் நல்லது. ஒரு தடவையாவது என் உடம்பு பெற்றெடுப்பதை நான் பார்க்க வேண்டும் என்றால் அதுவும் நல்லது, அந்த ஆசை எனக்குப் புரியாதா, நானும் உன்னைப் பெற்றவள்தானே. ஆனால் அன்றைக்கு ஆப்பிள் வாங்கி வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் வேண்டாம். அவர்களுக்கு அது ஒரு நாள் பேச்சு, உனக்கு உயிர்.

முயற்சி செய், ஜெனி. இதுதான் அம்மாவின் பதில். பயத்தோடுதான் சொல்கிறேன், பயம் போகும்வரை காத்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும். ஆனால் நடுவில் அவர்கள் போதும், தியேட்டருக்குப் போகலாம் என்றால் இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று ஒரு நிமிஷம்கூட அடம் பிடிக்காதே. உனக்குச் சின்ன வயதிலிருந்து அந்தப் பிடிவாதம் உண்டு, அப்பா மாதிரி. ஸ்டான்லி மாப்பிள்ளையிடமும் இந்த இடத்தைப் படித்துக் காட்டு. தழும்புப் பக்கம் வலி விடாமல் இருந்தாலோ உதிரம் பட்டாலோ பிள்ளை அசைவு குறைந்தாலோ நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு, அங்கே யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினால் என்னிடம் சொல். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே. இனியனை இப்போது தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டாம், அவனுக்குக் கால் இருக்கிறது, நடக்கட்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள். இனியனுக்கு ஆயிரம் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. அதற்குள் என் விசா வராவிட்டால், பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளை எங்களைத்தான் முதலில் கூப்பிடுவார், ஆணா பெண்ணா, நார்மலா ஆப்பரேஷனா என்று இங்கே யாரும் கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன், கேட்கிறவர்களுக்கு இந்த வீட்டில் காபி கிடையாது. போனை உன் காதருகே வைக்கச் சொல். நீ ஒன்றும் விவரம் சொல்ல வேண்டாம், அம்மா என்று ஒரு வார்த்தை சொல், எனக்கு அது போதும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும் அம்மா,
செல்லம்மா ஏசுதாஸ்