மாடி ரூமுல நடுங்கற பிளேன்

முருகன் துணை
திருத்தணி

கண்ணு கதிரவனுக்கு, உன்னைத் தூக்கி வளத்த பெரியம்மா எழுதறேன். மலை மேல இருக்கறவன் புண்ணியத்துல நானும் உங்க அக்கா தீபாவும் சோறு தின்னுகினு சண்டை போட்டுகினு நல்லாத்தான் இருக்கோம், அந்த ஜெர்மனி குளிர்ல நீ காதை மூடிகினு போறியா, அதை மொதல்ல எழுது. போன்லயே சொல்லலாம், ஆனா தீபா பக்கத்துல நின்னுகினு ஒவ்வொரு பேச்சுக்கும் மூக்கை நுழைப்பா, அதான் பேப்பரு.

நீ போறதுக்கு முந்தி நீயும் உங்க பெரியப்பாவும் பழைய தறிக்கட்டையை அறுத்து, கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டறதுக்கு மாடி ரூமுல ஒரு ஸ்டீரிங் செஞ்சீங்களே, அந்த சமாச்சாரந்தான். முட்டி வலில மலை ஏற முடியாம போனப்புறம் அவரு தெனம் சாயங்காலம் அதுல உக்காந்து, ஸ்கிரீன்ல நம்ம மலையைத் தேடிப் புடிச்சு வலமா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் காப்பியே குடிப்பாரு. அவரு கை நடுக்கத்துக்கு பிளேனும் நடுங்கும். இன்னா இது முருகன் முன்னாடி ஆட்டம்னு கேட்டா, ஆங், காவடி ஆடுதுடின்னுவாரு.

மாசில அவரு போனப்புறம் வெளக்கேத்தற நேரத்துக்கு அந்த கம்ப்யூட்டரையும் நான் போட்டு, பிளேனை அது பாட்டுக்கு ஓட விட்டு வெப்பேன். ஆடில ஒரு நாளு பாக்கறேன், யாரும் தொடாமயே பிளேன் நடுங்குது. அதே நடுக்கம் கண்ணு, லேசா சாயும், ஒதறும், நிமிரும். வந்துட்டீங்களான்னு கேட்டுட்டு பக்கத்துல உக்காந்துகினேன். அப்பால தெனமும் காப்பி ரெண்டு டம்ளரா எடுத்துகினு போவேன். ஆனா படுத்தா தூக்கம் வராது, இந்த மனுசன் கரையேறாம இங்கயே சுத்திகினு இருக்காரோன்னு எழுந்து எழுந்து உக்காருவேன். தீபா ரெண்டு டம்ளரையும் பாத்துட்டு, அம்மாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு அழுதுகினே ரேடியோ கடை துரைக்கண்ணுவை இட்டுகினு வந்துட்டா.

அவன் ஸ்டீரிங் தண்டு நுனில இருந்த திருகைக் கழட்டிக் காட்டினான். பொட்டன்ஷியோமீட்டராம், ரேடியோவுல சத்தம் கூட்டறோமே அதேதானாம். உள்ள கறுப்பு வளையத்து மேல குட்டித் தகடு ஒண்ணு தேச்சுகினு ஓடுமாம், எவ்ளோ திருப்பறோம்னு கம்ப்யூட்டருக்கு அதுதான் சொல்லுமாம், நடுவுல தூசி பூந்துட்டா தகடு தடுமாறி பிளேன் தானா ஒதறுமாம். தொறந்தான், உள்ள வெள்ளையா மாவு. அக்கோவ், மலைக்கோயிலு விபூதி மொத்தமும் இங்கதான் இருக்குதுன்னு சிரிச்சான். அவரு போனதுலேருந்து காலைல காலைல அந்த நுனிலதான் கண்ணு விபூதி வெச்சுகினு வந்தேன், தறிக்கு வெக்கிற மாதிரி.

தொடைச்சு மாட்டிட்டுப் போயிட்டான். பிளேன் ஆடல, அசையல, நேரா போய்கினே இருக்குது. தீபாவுக்கு ஒரே சந்தோசம். நல்லது, அவரு கரையேறிட்டாருன்னு நானும் மனசைத் தேத்திகினு ரெண்டாவது டம்ளரைக் கழுவி கவுத்து வெச்சேன். கொஞ்ச நாளுதான் பொறுத்தேன். ஆளில்லாம அது அவ்ளோ நேரா போறதைப் பாக்க முடியல கண்ணு. நேத்து தலைக்கு ஊத்திகினு வந்து அந்த நுனிலயே திரும்ப விபூதி வெச்சேன். விபூதிதான்னு தெரிஞ்சேதான் வெச்சேன். இன்னும் நடுங்கல. தெனம் கொஞ்சம் வெச்சா தை பொறக்கறதுக்குள்ள நடுங்கிடும். தீபாகிட்ட மூச்சு விடாதே. தேயாத, தூசி பூராத காந்தத் திருகு ஒண்ணு அனுப்பறேன்னு அவகிட்ட சொன்னியாமே, அனுப்பாதே.

வேலவன் உன் தலைமாட்டுல நின்னு காப்பாத்தட்டும், நீ நூறு வயசு நல்லா இருக்கணும். எண்ணெ தேய்ச்சுக் குளி. இதோட மலை விபூதி ஒரு பொட்டலம் மடிச்சு வெச்சிருக்கேன், நெத்தில மட்டும் இட்டுக்கோ, உன் கம்ப்யூட்டரு கிட்ட கொண்டு போயிடாதே.

உன் பெரியம்மா
கோமளவல்லி